கேஸ்ட்ரிக் உறையில் நித்திரைக் குளிசை

கல்முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில், நாட்டின் பாதுகாப்புக்கு நிகரான ஒரு விடயத்தை முதலில் திருத்தியாக வேண்டும்: நித்திரைக் குளிசை பதகளிப்பை, அதாவது ஓயாத மனப் பதற்றத்தை, குணமாக்கும் என்பது பிழை. அது பதகளிக்கிறவரைக் கொஞ்சநேரம் படுக்கவைக்கும், அவ்வளவுதான். காலையில் அவர் எழும்பும்போது பதகளிப்பும் கூடவே எழும்பி முகம் கழுவும். இரவெல்லாம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் அன்பர்களே, நானும் உங்கள் கூட்டம்தான். ஆகவே இதை அனுதாபத்தோடு வாசியுங்கள்.

எது கெதியாகச் சுகம் தரும்?

இக்பால் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் குரலைக் கேட்டால் காகங்களும் விலை கேட்கும் என்பார்கள். அந்த மனிசனுக்கு நெடுநாளாக நெஞ்சு படபடப்பு. ஏலம் தொடங்குமுன் கை குளிர்ந்துவிடும். படுத்தால் நித்திரை இல்லை. ஆசுபத்திரிக் கிளினிக்கில் டொக்டர் இரண்டு மருந்து எழுதியிருந்தார். ஒன்று பதகளிப்புக்கு, தினமும் போடுவது. அது வேலைசெய்யச் சில கிழமை எடுக்கும்; தொடக்கத்தில் படபடப்பைக் கொஞ்சம் கூட்டவும் கூடும். மற்றது நித்திரைக்கு, கொஞ்ச நாளைக்கு மட்டும். நீளப் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பிறகு அது இல்லாமல் கண் மூடாது.

இவ்வளவையும் விளக்கினேன். உவமைகள்கூடச் சொன்னேன். என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைக்கும் இக்பால் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காக்கா, இப்ப ரெண்டாவத மட்டும் கூடத் தாங்க. முதலாவது வேலை செய்யத் தொடங்கினாப் பிறகு வந்து எடுக்கன்."

மாமி வீட்டு அலுமாரி

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் குடியிருப்பான். வீடு மனைவியின் பெயரில் இருக்கும். அதிகாரம் மாமியின் கையில் இருக்கும். இக்பாலின் மாமி சுபைதா உம்மா குசினிக்குள் இருந்தபடியே முன்வாசலில் நடப்பதைச் சொல்லக்கூடியவர். அந்த வீட்டு இளைய மகளுக்குப் பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்த மருமகன் விசர் மருந்து போடுகிறார், அவருக்குப் பைத்தியம் என்று ஒரு சொல் வெளியே போனால், அவள் கலியாணம் குழம்பிவிடும் என்பது இக்பாலின் பயம். ஆகப் பதகளிப்புக்கான மருந்தே அவருக்குப் புதிய பதகளிப்பானது.

மருந்து உறையில், வயிற்றெரிவுக் குளிசைபோல, "கேஸ்ட்ரிக்" என்று எழுதித் தரச் சொன்னார். மறுத்தேன். உறை என்பது மருந்துக்கும் மனிதனுக்கும் இடையிலான உடன்படிக்கை என்று சிற்றுரை ஒன்றும் ஆற்றினேன். அவர் தலையாட்டினார். "நீங்க உண்மையையே எழுதுங்க காக்கா. வீட்ட கேஸ்ட்ரிக் உறை பழசு ஒண்டு இரிக்கி."

நோன்பு

நோன்பு தொடங்கிச் சில நாளில் இக்பால் தலைசுற்றுகிறது என்று வந்தார். மண்டைக்குள் கரண்ட் அடித்தாற்போல வெட்டுகிறதாம், எரிச்சல் வேறு. ஒருவழியாக ஒழுங்காகப் போட்டுவந்த தினக் குளிசையைச் சட்டென நிறுத்தியிருக்கிறார். டொக்டரிடம் அனுப்பினேன். அவர் குளிசை நேரத்தை விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு மாற்றிக் கொடுத்து, நிறுத்துவதானால் தான் சொல்கிறபடி மெல்ல மெல்லத்தான் குறைக்கவேண்டும் என்றாராம். என்னத்துக்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"சுகமாத்தானே இரிக்கி. குளிசையும் நோன்பு புடிக்கட்டும் எண்டு விட்டன்."

பெருநாள் சாப்பாடு

பெருநாளன்று சம்பந்த வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். புரியாணிக்கு மேல் வட்டிலப்பமும் சாப்பிட்ட சுபைதா உம்மாவுக்கு வயிறு பொருமியது. மருமகனின் அலுமாரியில் கேஸ்ட்ரிக் உறையைக் கண்டு, ஒரு குளிசையை விழுங்கிவிட்டுச் சாய்ந்தார். பின்னேரம் அசர் தொழுகைக்கு எழுப்பினார்கள், எழும்பவில்லை. உலுக்கினால் முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தார். வீடு அலற, இரு குடும்பமும் ஆசுபத்திரிக்கு ஓடியது.

என்ன சாப்பிட்டார் என்று டொக்டர் கேட்க, கேஸ்ட்ரிக் குளிசைதான் என்று மகள் சொன்னாளாம். இக்பாலுக்குக் கை குளிர்ந்துவிட்டது. சம்பந்தம் பேசிய மாப்பிள்ளையின் உம்மா பக்கத்தில் நின்றார். இக்பால் வாயைத் திறந்தபோது, பழக்கதோஷத்தில், ஏலக் குரலே வந்தது. வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். "அது கேஸ்ட்ரிக் இல்ல டொக்டர். என்ட நித்திரைக் குளிசை. பதகளிப்புக்கு மருந்து எடுக்கன்."

மாமி கடைக்கு வந்தது

ஆசுபத்திரியில் வைத்துப் பார்த்து, தெளிந்த பின் அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிழமை சுபைதா உம்மா கடைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கேட்டது அதே குளிசை. தர முடியாது என்றேன். உங்கள் வயதில் அது தடுமாறி விழச் செய்யும், எது பொருத்தம் என்பதைக் கிளினிக்கில்தான் பார்க்கவேண்டும், மருந்துக்கு முன்னால் மனம்விட்டுக் கதைத்துப் பார்க்கவும் அங்கே ஆள் உண்டு என்று விரிவாகச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"சுனாமியில கடல் வந்த அண்டைக்கிருந்து, மனே, அலைச்சத்தம் கூடினா எழும்பிக் குந்திக்கொள்றன். இதுக்கும் வைத்தியம் இரிக்கெண்டு ஒருத்தரும் சொல்லல்லயே. மருமகன் கெட்டிக்காரன், எனக்கு மறைச்சி மருந்து போட்டார்."

இளையவளின் கலியாணம் ஹஜ் மாதத்தில் ஒரு குழப்பமும் இல்லாமல் நடந்தது. அந்த வீட்டுக்கு இப்போது இரண்டு பேருக்கு உறைகள் போகின்றன, எல்லாவற்றிலும் மருந்தின் சரியான பெயர் எழுதியிருக்கிறது.