ஊறாத எச்சில்

தேவதானத்து வண்டிக்காரர் ராக்கப்பன் மாடுகளை ஒருநாளும் அடித்ததில்லை. நாக்கைச் சொடுக்கினால் போதும், நெல் மூட்டை ஏற்றிய வண்டி ராஜபாளையம் வரை ஓடும். புகையிலை அடக்கும் கன்னத்தில் புற்று வந்தபோது, தெற்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரேடியம் ஊசிகளைச் செருகி அதைக் கரைத்தார்கள். பிழைத்து வந்தவரைப் பார்க்க ஊரே கூடியது.

ஆனால் வாயில் எச்சில் ஊறவில்லை. சோறு மணலாகத் தொண்டையில் நின்றது. மறுபடி வண்டி பூட்டிய அன்று நாக்கைச் சொடுக்கினார். காய்ந்த வாயிலிருந்து சத்தமே எழவில்லை. மாடுகள் அசையாமல் நின்றன.

"கம்பால ஒரு தட்டுத் தட்டுங்க," என்றாள் மனைவி இருளம்மாள்.

தட்டினார். அடி அறியாத மாடுகள் மிரண்டு வண்டியை ஓடைக்குள் இறக்கிவிட்டன.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "எச்சி எப்பய்யா ஊறும்?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"புற்று போய்விட்டது. ரேடியம் எச்சில் சுரப்பியையும் சுட்டுவிட்டது; இனி ஊறுவது சந்தேகந்தான்," என்றார் டாக்டர்.

ஊருக்கு வந்ததும் மாடுகளைத் தளவாய்புரத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அவை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தப் புத்தோடயே போயிருக்கலாம்ட்டி," என்றார். இருளம்மாள் கஞ்சியை இன்னும் நீர்க்கக் கரைத்தாள்.

அதன்பின் பல வருஷம் கஞ்சியும் தண்ணீருமாக இருந்தார். புற்று திரும்பி வரவே இல்லை.