கொப்பரை ஓரத்து மந்திரம்

கரும்புச் சக்கை எரியும் வாசனை வந்தால் போதும், என் நாக்கு தானாக இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுழற்றத் தொடங்கிவிடும்: டேக், கெட். நடுவயது வந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் போகையில் தோட்டத்து நடுவே புகை எழுந்தால் உதடு அசைகிறது. பக்கத்தில் இருப்பவள் மெல்ல நகர்ந்து உட்காருகிறாள்.

மோகனூர்ப் பக்கம் எங்கள் கரும்பாலையில் அடுப்புக்குச் சக்கை தள்ளுவது என் வேலை. எட்டாவது முடித்திருந்தேன். சேலத்து ஆசிரியை டிரெயினிங் பள்ளியில் சேர ஆசை. இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள், அந்த இரண்டு வினையில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள் என்று வாத்தியார் எச்சரித்திருந்தார். அப்பாவோ, "ஆலை முடியட்டும், பாக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கரும்பு ஆட்டி ஆலை முடிந்தால் மாமன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருவார்கள். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நெருப்பின் முன்னால் உட்கார்ந்து உருப்போட்டேன். டேக்: எடு. டேக்: கூட்டிப் போ. மருந்து குடிப்பதும் டேக், நேரம் பிடிப்பதும் டேக். கெட்: வாங்கு. கெட்: போய்ச் சேர். கோபம் வந்தாலும் கெட், உடம்பு தேறினாலும் கெட். பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்து முகம் மாற்றிக்கொள்ளும் சொற்கள். எனக்கென்ன ஆச்சரியம்? எங்கள் அம்மா சோறு போடுவாள், கோலம் போடுவாள், சண்டையும் போடுவாள். கோழி முட்டை போடும். சக்கை தள்ளத் தள்ளச் சொல் சுழன்றது. சொல் சுழலச் சுழலக் கொப்பரையில் பாகு கொதித்தது.

அந்த வருஷம் எங்கள் வெல்லம் பொன்னாக இறங்கியது. ஒரு சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து நின்றார்.

"ஏனுங்க மாமா, உங்க அம்மிணிய ரண்டு நாளைக்கு எங்க ஆலைக்கு அனுப்பி வையுங்க."

"எதுக்குங்க?"

"எங்க வெல்லம் கருத்துப் போவுதுங்க. அம்மிணி அடுப்புகிட்ட ஒக்காந்து மந்திரம் சொல்லுதாமா. ஊரே பேசுது. தட்சிணை வேணும்னாலும் வெச்சுர்றனுங்க."

கிளறிக்கொண்டிருந்த ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சக்கைக் குவியலுக்குப் பின்னால் ஒடுங்கினேன். அப்பா துடுப்பைத் தூக்கிப் பாகின் பதம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மந்திரமில்லீங்க மாப்ளே, இங்கிலீசு. எம்புள்ள சேலத்துக்கு டிரெயினிங் போவுது. அதுக்குப் படிக்கிது."

"பொம்பளப் புள்ளையா! சேலத்துக்கா!"

"ஆமாங்க. வெல்லம் கருத்தா சாறுல சுண்ணாம்பக் கொறச்சுப் போடுங்க. எம்புள்ளைக்கு வேற சோலி கெடக்குது."

நான் போகிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். ஆலையில் நாலு பேர் காதில் விழச் சொன்னதை அப்பா திரும்ப வாங்கிய வழக்கமில்லை. அடுப்பு வெளிச்சத்தில் அவர் இரண்டு ஆள் உயரம் தெரிந்தார்.

சேலத்தில் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த பள்ளித் தலைமை அம்மாள் இரண்டு வினையையும் கேட்டே விட்டார். நல்ல வெல்லம் கிடைக்க ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடிக்கும் என்று இங்கிலீஷில் சொன்னேன். ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்து உட்கார்ந்தன. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பள்ளியில் சேரக் கிளம்பிய காலை, பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ் நாமக்கல்லில் புகைந்துகொண்டு நின்றது. என் தகரப்பெட்டியை அப்பாவே மேலே ஏற்றினார். பிறந்ததிலிருந்து என்னை 'வா புள்ளே, போ புள்ளே' என்றே அழைத்தவர், வண்டி நகர்ந்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"பாத்துப் போயிட்டு வாங்க, டீச்சரம்மா!"