இழை காணாமல் போன படம்

பால்கோவாவுக்கு இழை கிடையாது. இந்தச் சாதாரண விஷயம் எனக்கு ஒரு திங்கட்கிழமை காலையில்தான் உறைத்தது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன். என் வேலையில் பாதி, கனமான படங்களை இளைக்க வைப்பதுதான். கடைக்காரர்கள் போனில் எடுத்து அப்படியே அனுப்பும் படம் ஒவ்வொன்றும் ஐந்து எம்பி, ஆறு எம்பி இருக்கும். அதை வெப்பி என்ற புது வடிவத்துக்கு மாற்றி, தரத்தைக் கொஞ்சம் இறக்கினால் நூறு கேபிக்குள் அடங்கிவிடும். பக்கம் சட்டென்று திறக்கும். எங்கள் ஊர்ப் பால்கோவாக் கடை ஒன்றுக்கு அப்படிச் செய்தேன். தரத்தை எவ்வளவு இறக்கியும் பால்கோவா பால்கோவாவாகவே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் குழைவாகவே தெரிந்தது. கடைக்காரர் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மென்பொருளில் அந்த அமைப்பை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு வந்த படங்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் தள்ளினேன்.

அப்படித் தள்ளியதில் என் பள்ளித் தோழியின் படங்களும் அடக்கம்.

அவள் இராஜபாளையத்தில் எட்டுத் தறி போட்டு, சல்லடை மாதிரி இழை தெரியும் பேண்டேஜ் துணி நெய்கிறாள். இத்தனை வருடமும் அடுத்தவர்களுக்காகவே நெய்தாள். துணி இவளுடையது, மேலே ஒட்டும் லேபிள் வேறு யாருடையதோ. முதல்முறையாகக் கேரளத்து மருத்துவமனை ஒன்று அவள் பெயரிலேயே வாங்க யோசித்தது. கொள்முதல் அதிகாரி அவளுடைய இணையதளத்தைப் போனில் திறந்து பார்த்திருக்கிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். திங்கட்கிழமை மாலைக் கூட்டத்தில் அவள் பெயரை வைப்பதாகவும், அதற்குள் பக்கம் திறக்கும்படி செய்யுங்கள் என்றும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை அவள் எனக்குப் போன் செய்து, படங்களின் எடையை எம்புட்டு முடியுமோ அம்புட்டும் குறைத்துத் தரச் சொன்னாள். பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று பீற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடி அழைத்தாள். பக்கம் வேகமாகத் திறந்ததாம். ஆனால் அதிகாரி, "பேண்டேஜ் துணி கேட்டால் வேட்டித் துணியைப் போட்டிருக்கிறீர்களே" என்று கேட்டாராம். அவருடைய போன் பழசாக இருக்கும் என்று நான் வெடுக்கென்று சொன்னேன். தப்பு என் மேல் இருக்கும் என்று எனக்கு எப்போதுமே முதலில் தோன்றாது. அவள் வாதாடவில்லை. "நீ மொதல்ல பஸ் ஏறி வா" என்றாள்.

போனபோது, துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் கறுப்பு மேசைமேல் தன் போனை வைத்து, அதன் திரைமேல் இழை எண்ணும் சின்ன லென்ஸை நிறுத்தியிருந்தாள். துணியை எப்படிச் சோதிப்பாளோ அப்படியே என் படத்தையும் சோதித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து பார்த்ததும் போய்விட்டது. லென்ஸுக்குள் திரையின் வண்ணப் புள்ளிகள் தெரிந்தன, இழை ஒன்றுகூட இல்லை. லென்ஸை எடுத்துவிட்டுப் பார்த்தால் படம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

மடிக்கணினியில் அவள் அனுப்பிய அசல் படத்தைத் திறந்தேன். அதில் இழைகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. எடையைக் குறைக்கச் சொன்னால் மென்பொருள் முதலில் தூக்கிப் போடுவது நுணுக்கமான சங்கதிகளைத்தான். நெருக்கமாக ஓடும் வெள்ளை இழைகள் அதற்கு வேண்டாத சுமை. இதை அவளுக்கு விளக்கினேன்.

"எடையத்தான ஏட்டி கொறைக்கச் சொன்னேன். இழையக் கொறைக்கச் சொன்னேனா?"

சத்தம் போடாமல்தான் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவர்கள் செய்வதே அதுதான். அங்குலத்துக்கு இரண்டு இழையை விட்டுவிட்டு நெய்வார்கள். எடை குறையும், காசு மிஞ்சும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. என் தோழி ஒருநாளும் அதைச் செய்ததில்லை. அவள் செய்யாததை நான் ஒரு பொத்தானை அழுத்தி அவள் பெயரிலேயே செய்து வைத்திருந்தேன்.

உடனே வேலையைத் தொடங்கினோம். தறிக்கூடம், கட்டிடம், பெட்டிகள் இருந்த படங்களைத் தொடவில்லை. அவை இளைத்தே இருக்கட்டும். துணியின் படத்தை மட்டும் புதிதாக எடுத்தோம். கறுப்பு மேசைமேல் ஒற்றை அடுக்காக விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தோம். சுற்றிலும் வெட்டிச் சின்னதாக்கி, தரத்தை உயர்த்தி வெப்பியாக மாற்றினேன். மற்ற படங்களைவிட மூன்று மடங்கு கனம்தான், ஆனால் அது ஒன்று மட்டும்தானே. அவள் திரையில் படத்தை விரித்து, குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு உதடு அசைய எண்ணினாள். பிறகு மேசையில் கிடந்த துணியை எண்ணினாள். இரண்டும் ஒத்துப்போன பிறகே, கீழே இழைக் கணக்கை எழுதிப் படத்தை ஏற்ற விட்டாள்.

மதியம் அதிகாரிக்குத் தகவல் சொன்னோம். சரி, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். அவள் சாம்பிளுக்கு ஒரு துண்டு வெட்டி மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு அறுந்த இழையை முடிகிறேன் பேர்வழி என்று தறிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நான் மடிக்கணினியைத் திறந்து, சேமித்து வைத்திருந்த அமைப்பின் பெயரை 'பால்கோவாவுக்கு மட்டும்' என்று மாற்றினேன்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. தறிச் சத்தம் கேட்காமல் இருக்க வாசலுக்கு ஓடினோம். பக்கம் வேகமாகத் திறக்கிறது என்றார் அதிகாரி. படத்தைப் பெரிதாக்கித் தானே இரண்டு தடவை இழைகளை எண்ணியதாகவும், நாங்கள் எழுதியிருந்த கணக்கு சரியாக இருப்பதாகவும் சொன்னார். கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்களாம். சாம்பிளை அவளுடைய சொந்த லேபிளோடு அனுப்பச் சொன்னார்.

போனை வைத்த பிறகு அவள் உள்ளே போய், மேசைமேல் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகுதான் அது என்ன துணி என்று பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இனி இது சாம்பிளுக்கு ஆகாது. இந்தா, நீயும் தொடச்சுக்கோ."