கூப்பிட்டால் வர ஒரு பேர்

"சீசர்!" என்றார் கிட்டுசாமி. நாய் புல்லை முகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து, "சீசர்!" என்று இன்னொரு தரம், இந்த முறை அதட்டலாக. நாய் திரும்பவில்லை. கையிலிருந்த தாளில் அந்தப் பேருக்கு எதிரே ஃபெயில் என்று எழுதிவிட்டு, லுங்கியை இறுக்கிக்கொண்டு அடுத்த பேருக்குப் போனார். அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ என்ற ஊரின் அந்தத் தெருவில் காலை ஏழு மணிக்கு இந்தக் கச்சேரி பத்து நாளாக நடந்துவந்தது.

தொழில் அப்படி. இர்விங்கில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் அவர் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். பதினாறு வருடமாக அதையே செய்ததில் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஓட்டல் மெனுவில் எழுத்துப்பிழை இருந்தால் தோசை வருவதற்குள் பேனாவால் திருத்திவைப்பார். புதுக் குடை வாங்கினால் அதைப் பிடித்துக்கொண்டு ஷவருக்கடியில் நின்று பார்த்த பிறகுதான் மழைக்கு எடுப்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாய்க்குப் பேர் வைப்பதை லேசில் விடுவாரா?

பேர் சின்னதாக இருக்க வேண்டும், தோட்டத்தின் கோடி வரை கேட்க வேண்டும். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் அம்மா போனில் தடுமாறாமல் சொல்ல வேண்டும், மகள் வெண்பாவின் சிநேகிதிகள் வாயிலும் நுழைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்த மனிதர் யாருக்கும் அந்தப் பேர் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் நாளே, ஊரில் வைப்பதுபோல ஜிம்மி என்று வைத்துவிட்டார். நாய் ரோஜாச் செடியருகே காலைத் தூக்கியபோது, "ஜிம்மி, ஷேம் ஷேம்! நோ!" என்று ஒரு சத்தம் போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த எழுபது வயதுக்காரர் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் பேர் ஜிம்மி. வீடு வாங்கி மூன்று வருடத்தில் அதைக் கேட்டுவைத்துக்கொள்ள நம்மவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

மணி என்று வைக்கலாமென்றால் மனைவி சாந்தி ஒத்துக்கொள்ளவில்லை. "அது என்ற அண்ணன் பேருங்க. அடுத்த மாசம் விசிட் வர்றாங்க. அவுங்க முன்னால நாயைத் திட்டுனா எப்படியிருக்குமுங்க?"

பத்து வயது வெண்பா அப்பாவின் எக்ஸெல் பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இட்ஸ் அ டாக், நாட் அ பாஸ்வேர்ட்" என்றாள்.

கிட்டுசாமிக்கு இது விளையாட்டாக இல்லை. ரோட்டில் திரிந்ததைப் பிடித்துக் காப்பகத்தில் வைத்திருந்த பழுப்பு நாய் அது. முதலில் இருந்த பேர் யாருக்கும் தெரியாது. கராஜ் கதவை ஒரு முழம் தூக்கினால் போதும், புகுந்து வெளியே ஓடிவிடும், நேராகப் பெரிய ரோட்டுக்கு. யாரோ புண்ணியவான் பிரேக் போட்டதில் இரண்டு முறை பிழைத்தது. பிடிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது காப்பகத்தின் ஏற்பாடு. சாந்தி கறாராகச் சொல்லிவிட்டாள். "கூப்புட்டா வரோணுமுங்க. சனிக்கிழமைக்குள்ள வரலீன்னா ரிட்டர்ன் பண்ணிப்போடலாம். நம்ம கண்ணு முன்னால அடிபட்டுச் செத்துப்போச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க."

நியாயமான பேச்சுதான். ஆனால் அவளிடம் அவர் ஒன்றை மறைத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் ஆளுக்கொரு பேர் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த நாய் அது. மூன்றாம் முறையும் வந்தால் அப்புறம் யாரும் தொடமாட்டார்கள், அதோடு அதன் கதை முடிந்தது என்று காப்பகத்துப் பெண்மணி அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை வெண்பா சைக்கிளை எடுக்க கராஜைத் திறந்தாள். நாய் பாய்ந்துவிட்டது. கிட்டுசாமி செருப்பில்லாமல் பின்னால் ஓடினார். "ராக்கி! புரூனோ! டைகர்! டேய், எந்தப் பேர்தான்டா வேணும் உனக்கு?" நாய் தெருமுனையை நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு ஓடிவந்த சாந்தி பதறிப்போய், எதற்குப் பதறினாலும் கூப்பிடுவதுபோலப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்!"

நாய் நின்றது. திரும்பி, கிட்டுசாமியைக் கடந்து ஓடி, சாந்தியின் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் ஒரு நாளில் அதிகம் புழங்கும் சொல் அதுதான். ஏனுங், காப்பி. ஏனுங், தோசை ஆறுது. அவர் எழுந்து போவார், நாயும் பின்னாலேயே போகும், அதற்கும் ஒரு விள்ளல் கிடைக்கும். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் சாந்தி புருஷன் பேரைச் சொன்னதில்லை. விசா இன்டர்வியூவில் கேட்டதற்குக்கூட பாஸ்போர்ட்டில் விரலை வைத்துக் காட்டியவள்.

கிட்டுசாமி விடவில்லை. மாடிப்படியிலிருந்து, சமையலறையிலிருந்து, தோட்டத்துக் கோடியிலிருந்து என்று அவளைக் கூப்பிடவைத்துப் பார்த்தார். மூன்று முறையும் நாய் ஓடிவந்தது. "பாஸ்!" என்று கத்தினார். "இதையே வெச்சரலாம் சாந்தி!"

"நல்லாயிருக்குதுங்க நாயம்! கட்டுனவரையும் நாயையும் ஒண்ணாட்டம் கூப்புடறதா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைய என்ன நினைப்பாங்க?"

"அப்ப என்னைய வேற மாதிரி கூப்புடு. எனக்குத்தான் பேர் இருக்குதே."

அவள் முகம் மாறியது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. அன்று முழுவதும் அந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. காப்பி தயாரானால் சாந்தி கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். பள்ளியிலிருந்து வந்ததும் வெண்பா தூது போனாள். நாய் என்னமோ போலிருந்தது. அறை அறையாகப் போய் வந்தது. சாந்தியைக் குறைசொல்ல கிட்டுசாமிக்கு மனம் வரவில்லை. பேசக் கற்ற நாளிலிருந்து வந்த மரியாதையை ஒரே நாளில் மாற்று என்றால் யாரால் முடியும்? சாயங்காலம், மறைத்ததை மட்டும் சொன்னார். "ரெண்டு வீட்ல திருப்பிக் குடுத்த நாய் இது சாந்தி. மறுபடி போச்சுன்னா அவ்வளவுதான்."

"இதை முன்னாலயே சொல்றதுக்கு என்னங்க?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை, காப்பகத்துக் காகிதங்களையும் நாய்ச் சங்கிலியையும் மேஜைமேல் எடுத்துவைத்துவிட்டு அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நாய் மேஜைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. அடுப்படியில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சாந்தி தொண்டையைச் செருமுவது கேட்டது.

"கிட்டுசாமீ..." குரல் பாதியிலேயே உள்ளே போய்விட்டது. மறுபடி ஒரு மூச்சுப் பிடித்து, தேவைக்கு அதிகமாகவே சத்தமாக, "கிட்டுசாமீங்க! காப்பி ஆறுதுங்க!"

நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கிட்டுசாமி, வகுப்பில் வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்ட பையனைப்போல, சட்டென்று எழுந்து நின்று கையைத் தூக்கினார்.