உப்பைக் குறைத்த வருடம்

காலை ஐந்தரைக்கு மகளுக்கு நெபுலைசர் வைப்பேன். பிறகு குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குழித்து, முதுகிலும் விலாவிலும் இருபது நிமிடம் தட்டுவேன். நெஞ்சில் கட்டிய சளி கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி வரும். அவள் துப்புவாள், நான் கிண்ணத்தைக் கழுவுவேன். சாப்பாட்டோடு செரிமான மாத்திரை கொடுத்துவிட்டு, விழுப்புரத்தில் ரயில் பிடித்துத் திண்டிவனம் போவேன். அங்கே மருந்துக்கடையில் வேலை. மாலையில் அவள் அப்பா தட்டுவார். தீபாவளிக்கும் லீவு கிடையாது. உண்மையைச் சொன்னால் அலுத்துவிட்டது.

நோயின் பெயர் தெரியாமல் இருந்த காலத்தில் அவளுக்கு ஏழு வயது. ஓயாத இருமல். ஒரு டாக்டர் வீசிங் என்றார், இன்னொருவர் பிள்ளைகளுக்கு வரும் டிபி, பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றார். நெற்றியில் முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கும். பள்ளிச் சட்டையின் கழுத்துப்பட்டியில் வேர்வை காய்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும்.

கடைக்கு வரும் பிரஷர்காரர்களிடம் நாள் முழுக்க "உப்பக் கொறச்சிக்கோங்க" என்று சொல்லும் வாய் என்னுடையது. உடம்பில் உப்பு ஏறிப்போய்த்தான் வேர்வையில் கொட்டுகிறது என்று நானே முடிவு கட்டினேன். பெரிய டாக்டர் நான்! அவளுக்கு மட்டும் உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத கேப்பைக் கூழ். உப்பு கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஒருநாள் ஜாடியிலிருந்து கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். "உடம்பெல்லாம் உப்பா பூத்துக் கெடக்குது, இன்னும் கேக்குதா உனக்கு?" என்று கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். நான்கு விரலும் பதிந்துவிட்டன.

அந்தக் கத்திரி வெயிலில், லீவில் என்னோடு கடைக்கு வந்த அன்று, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சுருண்டு விழுந்தாள். சலைன் ஏற்றினார்கள். ரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்திருக்கிறது என்று புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே கையில் ஒரு மருந்தை வைத்து, வேர்வையை எடுத்துச் சோதித்தார்கள்.

முடிவு வந்ததும் அங்கிருந்த டாக்டரம்மா அவள் கட்டிலருகில் வந்து, சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். "செல்லு மேல ஒரு புரதம் கதவு மாதிரி நிக்குதும்மா. நுரையீரல்ல அது உப்புல இருக்குற குளோரைடை வெளிய விடும், பின்னாடியே தண்ணி போவும், சளி இளகி இருக்கும். வேர்வைக் குழாய்ல அதே கதவு வழியா உப்பு திரும்ப உள்ள வரும். உங்க பொண்ணுக்கு அந்தப் புரதம் மடிப்பு தப்பி உருவாவுது. சரியில்லன்னு செல்லே அதை உடைச்சிப் போட்டுடுது. கதவு செல்லு மேல வந்து சேர்றதே இல்ல."

"அப்போ உடம்புல உப்பு ஜாஸ்தி இல்லீங்களா?"

"எல்லாம் வேர்வையில போயிக்கினு இருக்குது. உடம்புக்குப் பத்தல. வெயில் காலத்துல நீங்க உப்பு அதிகமாவே குடுக்கணும்."

புள்ளையைக் கொல்லப் பார்த்தது நான்தான் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "பாப்பா, உப்பு வேணும்னு அம்மாகிட்ட கேட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க. கேக்கவே இல்ல. அம்மா எனக்கு எல்லாம் கரெக்டாத்தான் போடுவாங்க."

சொல்லிவிட்டு, கட்டில் விளிம்புக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா அதை அப்படியே நம்பி எழுதிக்கொண்டார்.