காட்டித் தாரும் என்று கேட்டோம்

"ஈரலில் மூன்று புள்ளிகள் தெரிகின்றன" என்று டாக்டர் சொன்னபோது என் கணவர் செல்வராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தான் வரைக்கும் நிதானமாகப் போட்டார்.

அது 2007ஆம் வருடம். அதற்கு முந்தைய வருடம்தான் பெருங்குடலில் புற்றுநோய் என்று கோவையில் அவருக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. தழும்பு ஆறிவிட்டது, மறுபடி வேலைக்கும் போய்விட்டார். இனி வாழ்ந்துவிடுவோம் என்று நினைத்த நேரத்தில் இந்த மூன்று புள்ளிகள்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. குடலில் வந்த நோய் ஈரலுக்குப் பரவுவது உண்டு என்றார். ஆனால் இந்த சி.டி. ஸ்கேனை மட்டும் வைத்து மூன்றும் அதேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, நரம்பு வழியாக மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் எது நோய், எது இல்லை என்று பிரித்துப் பார்க்கலாம் என்றார். மூன்றும் நோயாக இருந்தால், புள்ளிகள் ஈரலின் இரண்டு பக்கமும் இருப்பதால், வெட்டி எடுக்க வழியிருக்காது. அதையும் சொன்னார்.

திருப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் வாயைத் திறந்தார். "அந்த ஸ்கேனுக்கு நான் வர்லே எஸ்தரு."

ஏன் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் அவர் மைக்கைப் பிடித்து, ஆண்டவர் தன்னை முழுவதுமாகச் சுகமாக்கிவிட்டார் என்று சாட்சி சொல்லியிருந்தார். சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. அப்படிச் சொன்னவன் மறுபடி போய் மிஷினுக்குள் படுத்தால் அது அவிசுவாசம் என்பது அவர் எண்ணம். "சபையில எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?" என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, இழை விட்ட இடம் எங்கிருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த வாரம் முழுவதும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே அழுதேன். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்துபோனார். ஆண்டவரே, அந்தப் புள்ளிகளை இல்லாமல் ஆக்கிவிடும் என்றுதான் முதலில் நானும் ஜெபித்தேன். ஆனால் கை ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்க, வாய் அதற்கு நேர்மாறாகக் கேட்டுக்கொண்டிருந்தது. துணியில் ஓட்டை தெரியாமல் போக வேண்டும் என்று எந்தச் செக்கராவது ஜெபிப்பாளா? தெரியாமல் போன ஓட்டைதானே பிற்பாடு பெரிதாகக் கிழிகிறது!

வெள்ளிக்கிழமை, திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் ஊரில் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக் கூட்டம். அவர் உள் அறையில் படுத்திருந்தார். நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவருடைய அக்கா ரூத், நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர், உடனே முழங்காலில் நின்று, "புள்ளி ஒண்ணுகூட இருக்கக் கூடாது ஆண்டவரே" என்று ஆரம்பித்தார்.

நான் குறுக்கிட்டேன். "அப்படி வேண்டாமுங்க நங்கையா. உள்ள எத்தனை இருக்குதோ அத்தனையும் காட்டோணும்னு கேளுங்க. ஒண்ணுகூட மறையக் கூடாதுன்னு கேளுங்க."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. "என்ன அம்மிணி, வாயில வரக்கூடாததெல்லாம் பேசற?" என்றார் நங்கையா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு ஒரே தம்பி.

அறைக் கதவு திறந்தது. என் கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் சொன்ன சாட்சி பொய்யா எஸ்தரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"பொய்யில்லீங்க. ஆண்டவர் அதுவரைக்கும் செஞ்சதைச் சொன்னீங்க. அவரு இன்னும் முடிக்கலீங்க. நீங்கதான் அவசரப்பட்டு முடிச்சுப்போட்டீங்க."

அவர் பாயில் ஓர் ஓரமாக வந்து உட்கார்ந்தார். நங்கையா தம்பியின் தலையில் கை வைத்து, "காட்டித் தாரும் ஆண்டவரே" என்றார். அப்போது எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

அடுத்த வாரம் கோவை போனோம். மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். மிஷினுக்குள் மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்வார்களாம். கொஞ்ச நேரம்தான் விடுவார்களாம். "அந்த நேரத்துக்குள்ள பெரிய ஜெபமெல்லாம் முடியலே. மூச்சை நிறுத்தறப்பல்லாம் மனசுக்குள்ள 'காட்டும்'னு மட்டும் சொன்னேன்" என்றார்.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். என் செக்கிங் டேபிள் மாதிரியே இருந்தது. மூன்றில் இரண்டு வெறும் இரத்தக் குழாய் முடிச்சுகள், ஏற்றிய மருந்து அவற்றுக்குள் மெதுவாக நிறைந்துவிட்டது, அவற்றால் கெடுதல் இல்லை என்றார். மூன்றாவது நோய்தான். அப்புறம் விரலை நகர்த்தி அதன் பக்கத்தில் வைத்தார். முன்பு எடுத்த ஸ்கேனில் தெரியாத சின்னப் புள்ளி ஒன்று அங்கே இருந்தது. அதுவும் நோய்.

காட்டச் சொல்லிக் கேட்டோம். புதிதாக ஒன்றைக் காட்டிவிட்டார். ஒரு நிமிடம் எனக்கு ஆண்டவர் மேல் கோபமே வந்தது. டாக்டர் தொடர்ந்து பேசினார். இரண்டும் இடது பக்கத்திலேயே அடுத்தடுத்து இருக்கின்றன, சேர்த்து எடுத்துவிடலாம் என்றார். இந்தச் சின்னது தெரியாமல் போயிருந்தால் விட்டுவிட்டு மூடியிருக்கவும் கூடும் என்றார். அங்கேயே, டாக்டர் முன்னாலேயே, நாற்காலியைவிட்டு இறங்கி முழங்கால் போட்டேன். என் கணவர் என் கையைப் பிடித்துத் தூக்கவில்லை. அவரும் பக்கத்தில் இறங்கினார்.

ஆபரேஷன் நடந்தது. பிறகு கீமோ மருந்து ஏற்றினார்கள். உடம்பு இளைத்தது, சோறு செல்லவில்லை, அழுதோம். மெல்லத் தேறினார். அடுத்து வந்த அறுப்பின் பண்டிகையில் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். "போன தடவை முழுசா சுகம்னு சொன்னேனுங்க. இந்தத் தடவை, இன்னைக்கு வரைக்கும் சுகம்னு சொல்றேன். அடுத்த ஸ்கேனுக்கும் ஆண்டவரோடயே போவேனுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். நங்கையாதான் முதலில் ஸ்தோத்திரம் சொன்னார்.

இதை வாசிக்கிற உங்களில் யாரோ ஒருவர் உடம்பில் ஏதோ தெரிந்தும், பார்த்துவிட்டால் விசுவாசம் குறைந்துபோகும் என்று பயந்து மறைத்துக்கொண்டிருக்கலாம். வேண்டாம். வெளிச்சத்தைப் படைத்தவருக்கு உங்களுக்குள் இருப்பது புதிதல்ல. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், எங்களோடு முழங்காலில் நில்லுங்கள். சனிக்கிழமை காலை கோவை பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்து வருகிறேன்.