ஏரிக்கரையைக் காட்டிய கோடு

மானாம்பதி இருளர் குடியிருப்பில் சின்னபொண்ணு என்றால் வாய்க்காரி. களையெடுக்கப் போன இடத்தில் மேஸ்திரி ஒரு சொல் கூடப் பேசினால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். புருஷன் மாசிலாமணி நேர்மாறு. சொன்ன சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

ஏரிக்குப் பின்னால் தரிசில் தினகரன் என்ற இன்ஜினியர் ஷெட் போட்டு ஒரு ரேடியோ கருவி வைத்திருந்தார். அதன் மின்னணுச் சில்லைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுமாம். மற்ற ரேடியோவுக்கு எட்டாத சிக்னலும் அதற்கு எட்டும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். அதைச் சோதிக்க ஒருவர் சின்ன டிரான்ஸ்மிட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். அது மாசிலாமணியின் வேலை. ஷெட்டைப் பெருக்குவது சின்னபொண்ணு. தினகரன் போனில் "நில்லு" என்பார். அளந்து முடித்ததும் "வா" என்பார்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் நைட்ரஜன் குழாய் கசிந்தது. அதோடு மல்லுக்கட்டியதில் தினகரன், நிற்கச் சொன்ன ஆளை மறந்தே போனார். பாவி மனுஷன், நிழலுக்காவது ஒதுங்கியிருக்கக் கூடாதா? மாசிலாமணி நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்து செத்துப்போனான்.

அவன் புழங்கிய பொருள் அவனோடுதான் போக வேண்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். வெற்றிலைப் பையோடு டிரான்ஸ்மிட்டரையும் குழிக்குள் வைத்து மூடினார்கள். அதை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

காரியம் முடிந்து ஷெட்டைத் திறந்தார்கள். கருவி குளிர்ந்ததும் திரையில் கோடு விழுந்தது. ஏரிக்கரை, இடுகாட்டுப் பக்கம். தினகரனுக்கு முகம் வெளிறிவிட்டது. விளக்குமாற்றோடு நின்ற சின்னபொண்ணுவும் பார்த்துவிட்டாள்.

"மண்ணுக்குள்ள இருக்கிற டிரான்ஸ்மிட்டர்மா. பேட்டரி தீர்ந்தா நின்னுடும்."

"அது இல்ல சாரு. நீ வான்னு சொல்லல. சொல்லாம அவுரு வர மாட்டாரு. அதான் அங்கியே நின்னுகினு கீறாரு. போய்க் கூப்புடு."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெல்லச் சொன்னாள்.

"செத்தவரை எப்படிம்மா கூப்பிடறது?"

"உசுரோட இருந்தப்ப கூப்ட்டியா?"

அடுத்தடுத்த நாட்களிலும் கோடு அசையவில்லை. சின்னபொண்ணு சோற்றைத் தொடவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது. கடைசியில் ஒரு சாயங்காலம் தினகரன் அவளோடு இடுகாட்டுக்குப் போனார். மண்மேட்டின் முன்னால் நின்று, "மாசிலாமணி, போதும், வா" என்றார். அவள் திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் திரையில் கோடு இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் என்னைப் போகச் சொல்லாதீர்கள்.

தினகரனுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. "இப்ப மனசு ஆறிச்சாம்மா?" என்று கேட்டார்.

சின்னபொண்ணு பெருக்குவதை நிறுத்தவில்லை.

"வூட்டுக்கு வந்துட்டாரு சாரு. வாசப்படியில குந்திகினு உன்னத்தான் கேக்கறாரு. ஏன் அன்னிக்கே கூப்புடலன்னு."